பெண்கள் திருத்தமாகப் பேசுகிறார்களா? எண்ணிப் பார்த்தவர்கள் கண்டது

இங்கிலாந்தின் கிழக்கே நாரிச் என்றொரு நகரம். 1968-இல் பீட்டர் டிரட்கில் என்ற மொழியியலாளர் அங்கே அறுபது பேரின் பேச்சை ஒலிப்பதிவு செய்தார். அவர் கவனித்த ஒலிகளில் ஒன்று மிகச் சிறியது. 'வாக்கிங்', 'டாக்கிங்' என்று முடிய வேண்டிய சொற்களை எத்தனை முறை 'வாக்கின்', 'டாக்கின்' என்று முடிக்கிறார்கள் என்பதே கேள்வி. கேட்ட கேள்விக்குக் கவனமாகப் பதில் சொல்லும் நடையில், கீழ்நடுத்தர வகுப்பு ஆண்கள் நூற்றுக்கு 27 முறை 'இன்' என்றார்கள். அதே வகுப்புப் பெண்கள் 3 முறை. தொழிலாளர் வகுப்பின் மேல்தட்டில் ஆண்கள் 81, பெண்கள் 68. அடித்தட்டில் ஆண்கள் 100, பெண்கள் 97. அங்கே வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போகிறது.

இந்த எண்களிலிருந்து பாடநூல்களுக்கு ஒரு வாக்கியம் போனது: வகுப்பும் வயதும் சூழலும் ஒன்றாக இருந்தால், 'இதுதான் சரி' என்று ஊர் ஏற்கும் பொதுமொழியை ஒட்டிப் பெண்களும் வட்டார வழக்கை ஒட்டி ஆண்களும் பேசுவார்கள். நாரிச்சுக்கு முன்னும் பின்னும் பல ஊர்களில் இது உறுதிப்பட்டது. ஜான் ஃபிஷர் 1958-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றில் 3 முதல் 10 வயது வரையிலான 24 பிள்ளைகளின் பேச்சைப் பார்த்தார். 12 பெண்களில் 10 பேர் 'இங்' முடிவை அதிகம் பயன்படுத்தினார்கள். 12 பையன்களில் 5 பேர் மட்டுமே. வேலையும் சம்பளமும் எட்டிப்பார்க்காத வயதிலேயே இப்படி.

பாடநூல் வாக்கியம் பொய் இல்லை. ஆனால் அது அரைகுறை. அந்த ஊரில் 'பொதுமொழி' என்பது எது, அதைப் பேசினால் யாருக்கு என்ன கிடைக்கும், அதன் வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது என்ற மூன்றையும் கேட்காமல் அந்த வாக்கியத்தை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனால் கணக்கு தவறும்.

முதலில் ஒலிக்குள்ளே மதிப்பு எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. இன்று படிக்காதவர் பேச்சாகப் பார்க்கப்படும் இதே 'இன்' முடிவு, ஒரு காலத்தில் இங்கிலாந்துப் பிரபுக்களின் அடையாளமாகவும் இருந்தது. வேட்டைக்கும் மீன் பிடிக்கவும் போகிறவர்கள் 'ஹன்ட்டின்', 'ஃபிஷ்ஷின்' என்றார்கள். 'கார்' என்ற சொல்லின் கடைசி 'ர்'-ஐ இங்கிலாந்தின் மேட்டுக்குடி உச்சரிப்பதில்லை. நியூயார்க்கிலோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதை உச்சரிப்பதுதான் மேன்மையாயிற்று. வில்லியம் லபாவ் அந்த நகரின் மூன்று பல்பொருள் அங்காடிகளில் விற்பனையாளர்களிடம் நான்காம் மாடியில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி விசாரித்து, 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று அவர்களையே சொல்ல வைத்து, 'ர்' வருகிறதா என்று குறித்துக்கொண்டார். விலை கூடிய கடையில் 'ர்' அதிகம்; மலிவான கடையில் குறைவு. ஒரே ஒலி, அட்லாண்டிக்கின் இரு கரைகளில் நேர்மாறான மரியாதை.

நாரிச்சுக்குத் திரும்புவோம். அங்கே உண்மையில் ருசிகரமானது 'இன்' கணக்கு அல்ல, டிரட்கில் பிறகு வைத்த பரிசோதனை. ஒரு சொல்லை இரண்டு விதமாக உச்சரித்துக் காட்டி, "நீங்கள் வழக்கமாக எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டார். பதிலை அவரவர் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டார். 'இயர்', 'ஹியர்' போன்ற சொற்களை நாரிச் வழக்கில் கிட்டத்தட்ட 'ஏர்', 'ஹேர்' என்பார்கள். பெண்களில் 100-க்கு 68 பேர், தாங்கள் உண்மையில் பேசுவதைவிடத் திருத்தமாகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டார்கள். ஆண்களில் சரிபாதி, 50 பேர், தலைகீழாகச் செய்தார்கள்: நல்ல உச்சரிப்பு வாயில் இருந்தும், தாங்கள் வட்டார வழக்கில்தான் பேசுகிறோம் என்றார்கள். தங்கள் பேச்சைச் சரியாகச் சொன்னவர்கள் ஆண்களில் 28, பெண்களில் 18 மட்டுமே.

வெளியே எல்லாரும் பொதுமொழிக்கு மரியாதை தருகிறார்கள். உள்ளுக்குள் வட்டார வழக்குக்கும் ஒரு மரியாதை இருக்கிறது என்பதே இதன் பொருள். அதை 'மறைமதிப்பு' என்று சொல்லலாம். உழைப்பு, முரட்டுத்தனம், ஊர்ப்பாசம், 'நம்ம ஆள்' என்ற நெருக்கம் எல்லாம் அதில் சேர்த்தி. தமிழ்ப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கதாநாயகன் மெட்ராஸ் பாஷையிலோ மதுரைப் பேச்சிலோ வெளுத்துக்கட்டுவான். அதே தெருவில் பிறந்து வளர்ந்ததாகச் சொல்லப்படும் கதாநாயகி பொதுத்தமிழில் பேசுவாள். யாரும் அதை விசித்திரமாக நினைப்பதில்லை.

ஆனால் பெண்கள் ஏன் திருத்தமாகப் பேசுகிறார்கள் என்பதற்கு டிரட்கில் தந்த விளக்கம் பலவீனமானது. ஆணைச் செய்யும் தொழிலை வைத்து மதிக்கிறார்கள். பெண்ணைத் தோற்றத்தையும் பேச்சையும் வைத்து மதிக்கிறார்கள். சமூகத்தில் நிலை உறுதியில்லாததால் பெண் பேச்சால் அதை ஈடுகட்டுகிறாள் என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. எண்களிலிருந்து மட்டும் அது வராது. அந்த எண்களைச் சேர்த்த விதத்திலேயே ஓர் ஓட்டையும் உண்டு. அன்றைய ஆய்வுகள் பலவற்றில் மணமான பெண்ணின் வகுப்பைக் கணவனின் தொழிலை வைத்தும், மணமாகாதவளுக்குத் தந்தையின் தொழிலை வைத்தும் தீர்மானித்தார்கள். ஆலையில் வேலை செய்பவரின் மனைவி அலுவலகத்தில் தட்டச்சராகவோ பள்ளியில் எழுத்தராகவோ இருந்தாலும் தொழிலாளர் வகுப்புக் கட்டத்துக்குள்தான் விழுவாள். அவள் படிப்பும் வேலையும் கணவனைவிட ஒரு படி மேலே இருக்கும்போது, 'அதே வகுப்பு ஆணைவிடத் திருத்தமாகப் பேசுகிறாள்' என்று எழுதினால், பாலின வித்தியாசத்தை அளக்கிறோமா, படிப்பு வித்தியாசத்தையா? எண்பதுகளில் பெண்ணிய மொழியியலாளர்கள் இதைத்தான் பிடித்தார்கள். வித்தியாசம் மொத்தமும் இதனால் வந்தது என்று சொல்ல முடியாது. கணவனும் வேலையும் இல்லாத ஃபிஷரின் பிள்ளைகள் குறுக்கே நிற்கிறார்கள். ஆனால் எவ்வளவு பங்கு இதனால் என்று அன்றைய அட்டவணைகளைக் கொண்டு பிரித்துச் சொல்லவும் முடியாது.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் இதைவிடத் தெளிவாகக் காட்டியது. லெஸ்லி மில்ராய் எழுபதுகளில் அங்கே மூன்று தொழிலாளர் குடியிருப்புகளில் 46 பேரிடம் பழகினார். வகுப்பை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஊரோடு எவ்வளவு இறுக்கமான பிணைப்பு என்பதை 0 முதல் 5 வரை மதிப்பிட்டார். அக்கம்பக்கத்தில் நெருக்கமான கூட்டத்தில் இருக்கிறாரா, சொந்தக் குடும்பத்துக்கு வெளியே அதே பகுதியில் உறவினர்கள் உண்டா, வேலை செய்யும் இடத்தில் அதே பகுதிக்காரர் இருவராவது இருக்கிறார்களா, அவர்கள் தன் பாலினத்தவரா, வேலை முடிந்தபின் அவர்களோடேயே பொழுதைக் கழிக்கிறாரா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி.

பாலிமகாரெட் என்ற பகுதியில் கப்பல் கட்டும் தளம் இருந்தது. ஆண்கள் பக்கத்திலேயே, பக்கத்து வீட்டுக்காரனோடேயே வேலை செய்தார்கள். பெண்கள் வேலைக்கு வெளியே போனார்கள். அங்கே ஆண்களின் பேச்சு வட்டார வழக்கில் ஊறிக் கிடந்தது. பெண்களுடையது அவ்வளவு இல்லை. பாடநூல் வாக்கியம் அப்படியே பொருந்தியது. ஆனால் கிளோனார்டு என்ற பகுதியில் லினன் துணித் தொழில் நசிந்துபோய் ஆண்களில் பலர் வேலையில்லாமல் இருந்தார்கள். அவர்களின் பிணைப்பு தளர்ந்திருந்தது. அங்குள்ள இளம்பெண்களோ நகரத்தில் ஒரே கடையில் ஒன்றாக வேலை செய்து, ஒன்றாகப் போய்வந்து, மாலையிலும் ஒன்றாகவே சுற்றினார்கள். 'மேன்', 'கிராஸ்' போன்ற சொற்களின் உயிரொலியை நாக்கைப் பின்னிழுத்துச் சொல்வது பெல்ஃபாஸ்ட் வழக்கு. அந்த ஒலியில் கிளோனார்டின் இளம்பெண்கள் அங்குள்ள இளைஞர்களைத் தாண்டி நின்றார்கள். 'பெண்' என்பது மாறவில்லை. வேலையும் கூட்டாளிகளும் மாறினார்கள், எண் புரண்டது.

வேலை எந்தப் பேச்சைக் கேட்கிறது என்பதை அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் பட்ரீஷியா நிக்கல்ஸ் பார்த்தார். ஜார்ஜ்டவுன் பகுதியின் கறுப்பினச் சமூகங்களில் கல்லா என்ற கிரியோலும், அதாவது ஆங்கிலமும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த மொழியும், ஆங்கிலமும் கலந்து புழங்கின. ஆற்றுத் தீவு ஒன்றில் வாழ்ந்த இளம்பெண்கள் கரைக்கு வந்து கடை விற்பனை, தபால், ஆசிரியப் பணி என்று போனார்கள். அந்த வேலைகளுக்குப் பொதுமொழி வேண்டும். அவர்கள் அதற்கு நகர்ந்தார்கள். அதே வயது ஆண்கள் கட்டட வேலைக்குப் போனார்கள். செங்கல் அடுக்க இலக்கணம் தேவையில்லை, உடன் வேலை செய்பவர்களும் ஊர்க்காரர்கள். பழைய பேச்சு நிலைத்தது. ஆனால் பெருநிலப் பகுதியில், வீட்டு வேலையும் வயல் வேலையும் செய்துவந்த முதிய பெண்கள் அங்குள்ள ஆண்களைவிடக் கிரியோலை அதிகம் பேசினார்கள். ஒரே ஆய்வு, பக்கத்துப் பக்கத்து ஊர், இரண்டு எதிரெதிர் விடை.

ஆஸ்திரியாவின் ஓபர்வார்ட் சிற்றூரில் இது கல்யாணம் வரை போய்விட்டது. அது 1921 வரை ஹங்கேரியில் இருந்த ஊர். குடியானவர்கள் ஹங்கேரிய மொழியும் ஜெர்மனும் பேசினார்கள். எழுபதுகளில் சூசன் கால் அங்கே தங்கிப் பார்த்தபோது, இளம்பெண்கள் ஆண்களைவிட வேகமாக ஜெர்மனுக்குத் தாவிக்கொண்டிருந்தார்கள். ஹங்கேரிய மொழி என்றால் குடியானவ வாழ்க்கை. குடியானவன் மனைவி என்றால் விடியுமுன் தொழுவம், நாளெல்லாம் வயல், மாமியார் அதிகாரம். ஜெர்மன் என்றால் தொழிற்சாலைச் சம்பளமும் தனி வீடும். ஆணுக்கு நிலமாவது கையில் வரும். பெண்ணுக்கு வேலை மட்டும்தான். குடியானவனைக் கட்டிக்கொள்ள உள்ளூர்ப் பெண்கள் மறுத்ததால், குடியானவ ஆண்கள் ஜெர்மன் மட்டுமே தெரிந்த பக்கத்து ஊர்களிலிருந்து பெண் எடுத்தார்கள். பிள்ளைகள் தாய்வழி ஜெர்மன் பேசி வளர்ந்தார்கள். பெண்கள் 'கௌரவத்துக்கு ஆசைப்பட்டு' மொழி மாறினார்கள் என்று இதைச் சொன்னால் விஷயத்தைப் பாதிதான் சொன்னதாகும்.

இவ்வளவு நேரம் பேசியது பொதுமொழி யாரோ ஒரு கூட்டத்துக்காவது தாய்ப்பேச்சாக இருக்கும் நாடுகளைப் பற்றி. அரபு நாடுகளில் அப்படி இல்லை. செவ்வியல் அரபியை யாரும் தொட்டிலில் கற்பதில்லை. பள்ளியிலும் பள்ளிவாசலிலும் வானொலியிலும் கேட்டுக் கற்கிறார்கள். அங்கே ஆய்வு செய்தவர்கள் ஆரம்பத்தில் ஆச்சரியப்பட்டார்கள். ஆண்களின் பேச்சில்தான் செவ்வியல் ஒலிகள் கூடுதலாக வந்தன. 'இதயம்' என்ற பொருளுள்ள சொல்லை எடுத்துக்கொள்ளலாம். செவ்வியல் அரபியில் அது 'கல்ப்' (qalb); அதன் முதல் ஒலி அடித்தொண்டையில் பிறக்கும் 'க'. கெய்ரோ, டமாஸ்கஸ் போன்ற நகரங்களில் அது வெறும் தொண்டை அடைப்பாகி 'அல்ப்' என்று நிற்கிறது. 'ஊ-ஊம்' என்று மறுக்கும்போது நடுவில் தொண்டை ஒரு கணம் அடைக்கிறதே, அந்த அடைப்பு. பெண்கள் இந்த நகர வழக்கை நாடினார்கள். செவ்வியல் ஒலியில் ஆண்கள் கை ஓங்கியிருந்தது.

அரபுப் பெண்கள் விதிவிலக்கு என்று எழுதிவிட்டுப் போனவர்கள் உண்டு. 1986-இல் முகம்மது இப்ராகிம் அந்தக் குழப்பத்தை உடைத்தார். பொதுமொழி வேறு, மதிப்புள்ள பேச்சு வேறு. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகப் போவதால் எல்லா மொழியிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டீர்கள் என்றார். வீட்டிலும் கடைத்தெருவிலும் மதிப்புள்ளது பெருநகரப் பேச்சு. அதை நோக்கித்தான் பெண்கள் போகிறார்கள். ஜோர்டானின் அம்மானில் இது இன்னும் கூர்மை. அங்கே பழைய ஜோர்டானியப் பேச்சில் அதே ஒலி 'galb' என்பதன் 'க' போல அழுத்தமாக வரும். 1970-க்குப் பிறகு அது ஜோர்டானியன் என்ற அடையாளமும் ஆண்மைத் தோரணையும் ஏற்றிக்கொண்டது. இளம்பெண்கள் தொண்டை அடைப்புக்குப் போனார்கள். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு விதமாகவும் தங்கை வேறு விதமாகவும் சொல்வார்கள்.

தமிழும் இந்தக் கட்டத்தில்தான் வரும். 'வருகிறார்கள்' என்று நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. அது மேடைக்கும் செய்திக்கும் எழுத்துக்கும் உரியது. மேடையேறுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதால், ஒலிப்பதிவில் ஆண்களிடம் செந்தமிழ் முடிவுகள் கூடுதலாக விழலாம். அதை வைத்து 'தமிழில் ஆண்களே திருத்தமாகப் பேசுகிறார்கள்' என்றால் மேடையை அளந்ததாக அர்த்தம். உண்மையில் பார்க்க வேண்டியது, திருநெல்வேலியில் 'வந்தாவ' என்று வளர்ந்தவர் சென்னைக்குப் போய் 'வந்தாங்க' என்று எப்போது மாறுகிறார், யார் முன்னால் பழைய பேச்சுக்குத் திரும்புகிறார் என்பதை. நம்முடைய மதிப்புள்ள பேச்சு இந்தப் பொதுப் பேச்சுத்தமிழ்தான். வாசல் யாருக்குத் திறக்கிறது என்ற கேள்வியும் நமக்குப் புதிதல்ல. சமஸ்கிருத நாடகங்களில் அரசனும் அந்தணனும் சமஸ்கிருதம் பேச, அரசியும் தோழியும் பிராகிருதம் பேசுவார்கள். சில பாத்திரங்களுக்கு மட்டும் விலக்கு. அதற்கு விதியே எழுதி வைத்திருந்தார்கள். பெண்களின் மனப்பான்மையை ஆராய்ந்து அதை விளக்கத் தேவையில்லை.

இன்னொரு சிக்கல் மீதி இருக்கிறது. மொழி மாறும்போது மாற்றத்தைத் தொடங்குகிறவர்களும் பெரும்பாலும் பெண்களே. லூயி கோஷா என்பவர் 1905-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்விட்சர்லாந்தின் ஷார்மே கிராமத்தில் ஒரே ஊருக்குள் மூன்று தலைமுறைப் பேச்சு வேறுபடுவதையும் புதிய ஒலிகளில் பெண்கள் முன்னே நிற்பதையும் குறித்தார். பிறகு அமெரிக்க நகரங்களில் லபாவ் கண்டதும் இதே. 'இதுதான் சரி' என்று எல்லாரும் அறிந்த விதி இருந்தால் பெண்கள் அதற்கு ஆண்களைவிட இணங்குகிறார்கள்; யாரும் விதி சொல்லாத இடத்தில், யார் காதிலும் விழாத புது மாற்றத்தில், ஆண்களை முந்திக்கொண்டு மீறுகிறார்கள். ஒரே ஆளிடம் இரண்டும் எப்படி இருக்கும்? டெட்ராய்ட் புறநகர்ப் பள்ளி ஒன்றில் பெனலோபி எக்கர்ட் இதற்கு நல்ல பதில் கண்டார். கல்லூரிக்குப் போகும் கூட்டத்துப் பெண்களும் ஊரிலேயே வேலைக்குப் போகும் கூட்டத்துப் பெண்களும் ஒரே வகை அல்ல. 'இல்லை' என்பதை இரட்டித்துச் சொல்லும் கொச்சை இலக்கணத்தை முதல் கூட்டத்துப் பெண்கள் எல்லாரையும்விடத் தவிர்த்தார்கள். புதிய உயிரொலிகளில் இரண்டாம் கூட்டத்தின் தீவிரமான பெண்கள் எல்லாரையும் விட முன்னே போனார்கள். பையன்களுக்குள் இவ்வளவு இடைவெளி இல்லை. பெண்களின் சராசரியைப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நியூகாசில் நகரம் இன்னும் ஒரு படி மேலே. அங்கே ஆண்கள் டைன்சைடு என்ற அந்தப் பகுதியின் பழைய வழக்கில் 'ட'-வைத் தொண்டை இறுக்கத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். பெண்கள் அதைக் கைவிட்டு, இங்கிலாந்து முழுக்கப் பரவிவரும் முழுத் தொண்டை அடைப்புக்குப் போனார்கள். அதைக் கொச்சை என்று ஆசிரியர்கள் திட்டிய காலம் உண்டு. பெண்கள் மதிப்புள்ள ஒலியைத் தேடிப் போகிறார்களா, அல்லது பெண்கள் போவதால் அந்த ஒலிக்கு மதிப்பு வருகிறதா என்ற கேள்வியை மில்ராய் குழுவினர் எழுப்பியது இங்கிருந்துதான். எனக்கு இரண்டாவது விடையில் நிறைய உண்மை இருப்பதாகப் படுகிறது.

தமிழில் இப்படி ஒன்றை எண்ண நினைப்பவர் ழகரத்தில் தொடங்கலாம். வாழைப்பழம், மழை, கோழி, கிழவி: 'ழ' அப்படியே வருகிறதா, 'ள' ஆகிறதா, 'ல' ஆகிறதா, சென்னையில் போல 'ய' ஆகி 'வாயப்பயம்' என்று வருகிறதா என்று நான்கு கட்டம். எதை எண்ணக் கூடாது என்பது அதைவிட முக்கியம். 'தமிழ்' என்ற சொல் வந்தாலே பலர் நாக்கை மடித்துச் சரியாகச் சொல்லப் பார்ப்பார்கள். அதைத் தனியே வைக்க வேண்டும். பாட்டு, பழமொழி, வாசித்துக் காட்டியது, ஆள் பெயர் எல்லாம் வெளியே. 'பொழுது' சுருங்கி 'போது' ஆகிவிட்ட இடத்தில் ழகரமே இல்லை. அதுவும் கணக்கில் சேராது. ஒருவர் 'கீழே' என்பதையே இருபது முறை சொன்னால் அது ஒரு சொல்லின் கணக்கு. ஒரு சொல்லுக்கு மூன்று நான்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒருவரிடம் முப்பது இடமாவது கிடைக்காவிட்டால் விழுக்காடு போட வேண்டாம். பத்து இடத்தில் ஒன்று மாறினாலே பத்து விழுக்காடு ஆடும்.

பிழை அதிகம் வருவது எண்ணுவதில் அல்ல, உட்காரும் இடத்தில். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆண் ஒருவர் கூடத்தில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு, "சொல்லுங்கம்மா" என்கிறார். பக்கத்தில் கணவர்; கேள்விக்குப் பாதி பதில் அவரே சொல்லிவிடுகிறார். மாமியார் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த அம்மா "அப்படிங்களா, சரிங்க" என்று அளந்து பேசுகிறார். கணவரோ வந்தவரோடு ஊர்க்கதை பேசும் தோரணையில் சரளமாகப் போகிறார். இதில் கிடைக்கும் வித்தியாசம் அந்நியர் முன்னால் பேசும் நடைக்கும் பழகியவர் முன்னால் பேசும் நடைக்கும் உள்ளது. அதே அம்மா தங்கையோடு அடுக்களையில் பேசும்போது கருவி ஓடியிருந்தால் எண் வேறாக வரும். முடிந்தவரை பெண்ணைப் பெண்ணே சந்திக்க வேண்டும். இருவர் இருவராகப் பேசவிட்டு, கேள்வி கேட்பவர் எழுந்து போய்விடலாம். முதல் கால் மணி நேரத்தைப் பிரித்து வைக்கலாம். வகுப்புக் கட்டத்தில் கணவரின் தொழிலை எழுதாமல் அந்தப் பெண்ணின் படிப்பு, அவருடைய வேலை, வேலையில் யாரோடு பேச வேண்டியிருக்கிறது என்று எழுத வேண்டும். தாளில் கடைசியாக ஒரு கட்டம் போட்டு, ஒலிப்பதிவு நடந்தபோது அறையில் இருந்தவர்கள் யார் யார், எந்த நிமிடத்தில் யார் உள்ளே வந்தார் என்பதையும் அன்றைக்கே குறித்துவிட வேண்டும். மறுநாள் நினைவிலிருந்து எழுதினால் மாமியார் விட்டுப்போவார்.